சூரியக்கா விட்டுச் சென்ற சோதனை

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பற்றியிருக்கும் ஓட்டுநர் அண்ணன் அவர்களே, போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, அக்கம்பக்கத்து உறவுகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நம் அறிவியல் ஆர்வலர் மன்றத்தின் துணைத் தலைவி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக், நம் சூரியக்கா போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சூரியனைப் பற்றவைக்கப் போகிறாராம் என்று தெருவே கேலியாக வைத்த பெயர் அது. அக்கா என்ன செய்தார்? அதையே தன் பட்டறைப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டார்!

எந்தக் கல்லூரி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது? எந்த ஆய்வகம் கதவைத் திறந்தது? ஃப்ரிட்ஜுக்கு வாயு நிரப்பும் முன் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது அவர் அன்றாடத் தொழில். அந்தப் பம்பில் தொடங்கி, நூலகப் புத்தகங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அணுக்கருவோடு அணுக்கருவை இணைத்துப் பார்க்கத் துணிந்தார்.

அக்காவின் கணவர், நம் ஓட்டுநர் அண்ணன், ஒருநாள் என் எதிரிலேயே அவரிடம் கேட்டார்.

"ஏம்மா, இதுல கரன்ட் வருமா?"

"வராதுங்க. போடுற கரன்ட்ல கடுகளவு கூடத் திரும்பி வராது."

"பின்ன எதுக்கு இதோட மாரடிக்கிறே?"

"சூரியனுக்குள்ள நடக்கிறது நம்ம வீட்டுலயும் ஒரு துளி நடக்குமான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இயந்திரம் ஓடும்போது கிளம்பும் எக்ஸ் கதிரைத் தடுக்கும் ஈயத் தகடுகளைத் தோளில் சுமந்து வந்து அடுக்கியவர் யார்? அதே அண்ணன்தான்!

அணுக்கருக்கள் இணைய வேண்டிய, காற்றை உறிஞ்சி எடுத்த உருக்குக் கலத்தில் எங்கோ ஒரு மயிரிழைக் கசிவு. ஒவ்வொரு இணைப்பாக ஸ்பிரிட் தடவி, வெற்றிடத்தை அளக்கும் மானியின் முள் துள்ளுகிறதா என்று பார்த்துப் பார்த்தே ஒரு மழைக்காலம் போயிற்று. பிறகு ஒருநாள் கலத்துக்குள் ஊதா ஒளி பூத்தது. நாங்கள் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

"டியூப்லைட்லயும்தான் ஒளி வருது தம்பி. நியூட்ரான் வரணும். அது வந்தாத்தான் இணைஞ்சதுன்னு அர்த்தம்."

நியூட்ரான் எண்ணும் கருவியும் ஒருநாள் டிக் டிக் என்றது. இதே அரங்கில் அறிவித்தோம், மாலை போட்டோம். மறுமாதமே அக்கா இந்த மேடையில் ஏறினார். கலத்தில் வாயுவே இல்லாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறார்; அப்போதும் கருவி டிக் டிக் என்றிருக்கிறது.

"நான் சொன்னது தப்புங்க. உயர் மின்னழுத்தத்தோட இரைச்சலைக் கேட்டுக் கருவி கத்தியிருக்கு. மாலையைத் திருப்பிக் குடுக்க முடியாது, வாடிப்போச்சு. பேச்சை மட்டும் திரும்ப வாங்கிக்கிறேன்."

அரங்கம் சிரித்தது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன், அக்கா சிரிக்கவில்லை. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத பிழை! யார் கேட்டார்கள் அவரை?

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கருவிக்கு உலோகக் கவசம் செய்தார். சென்ற மாதம் கருவியில் மறுபடி எண்ணிக்கை வந்தது. இம்முறை அக்கா மேடையில் வாயே திறக்கவில்லை. கலத்தில் செலுத்தியது கன ஹைட்ரஜன். இணைய வேண்டியது அது; சாதாரண ஹைட்ரஜன் இந்தக் கலத்தில் இணையாது. கன ஹைட்ரஜனை எடுத்துவிட்டுச் சாதாரண ஹைட்ரஜனை வைத்து அதேபோல் ஓட்டும்போது கருவி மௌனமாக இருந்தால்தான் முன்பு கேட்டது மெய்.

"ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, சேர்ந்தே பாத்துடுவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை, ஒரு கடையில் குளிர்பெட்டியைத் திறந்து வைத்தவர் அதன் முன்னாலேயே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது.

'அந்த மெஷின்தான் கொன்னுடுச்சு' என்று தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. மகளே, உன்னைப் பார்த்துச் சொல்கிறேன். பிறவியிலேயே பலவீனமான ரத்தக்குழாய் என்று மருத்துவர் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கதிர்வீச்சை அளக்க அம்மா சட்டையில் குத்தியிருந்த வில்லையையும் சோதித்துவிட்டார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த இயந்திரம் உன் அம்மாவைக் கொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வந்த பெண்ணை மறுபடி சிரிக்கவைத்தது அதுதான்.

'அணுக்கருவை இணைத்த சாதனைப் பெண்மணி' என்று இன்றைய பதாகையில் போட நாங்கள் நினைத்தோம். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவ சொல்லாததை அவ பேர்ல சொல்லாதீங்க."

"அண்ணே, அந்தச் சோதனையை நாங்க செய்யறோம். ஒருவேளை இதுவும் தப்புன்னு வந்துட்டா?" என்றேன்.

"அப்பவும் வந்து சொல்லுங்க. அவ இருந்தா அதைத்தானே செய்வா?"

சூரியக்கா! நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லமாட்டேன். நீங்கள் வாங்கிவைத்த சாதாரண ஹைட்ரஜன் உருளை திறக்கப்படாமல் கொட்டகையில் நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் எங்களோடு வருகிறாள். கருவி மௌனமாக இருந்தாலும் சரி, கத்தினாலும் சரி, கண்டதைக் கண்டபடி இதே மேடையில் சொல்வோம். இது இந்த மன்றத்தின் சத்தியம்!