சாய்ந்திருந்த பெட்டிகள்

தேவராஜா: என்ர முழங்கால் போச்சடா அருந்தவன். ஒரு நாளில எத்தினை தரம் இந்தப் படி ஏறுறது? ஒரு லிஃப்ட் பூட்டினா என்ன?

அருந்தவன்: தொண்ணூறு வருசத்துக் கட்டடம் அண்ணை, ஒண்டையும் மாத்த விடாங்கள். பெயின்ற் கலரே கவுன்சில் சொன்னதுதான். பேசாம ஏறுங்கோ.

தேவராஜா: ஏறுறன். நேற்று அடிச்ச பெயின்ற்றில இண்டைக்கு ஓட்டை போட...

அருந்தவன்: ஆர் செய்த வேலை? வீட்டு வாசல் நிலையளில இருந்த சின்னப் பெட்டியளை, இருந்தபடி திரும்பப் பூட்டுங்கோ எண்டுதானே சொன்னனான்?

தேவராஜா: பூட்டினனான் தானே!

அருந்தவன்: நீர்மட்டம் வைச்சு!

தேவராஜா: ஆறு வாசலிலயும் சரிஞ்சு கிடந்ததடா. ஆரோ வேலை தெரியாதவன் பூட்டியிருக்கிறான் எண்டு...

அருந்தவன்: அது சரிச்சுத்தான் பூட்டுறதாம். இந்த யூத ஆக்களின்ர வழக்கம். உள்ளுக்கு வேதம் எழுதின சுருள் இருக்காம். காலமைதான் எனக்கே சொல்லிச்சினம்.

தேவராஜா: அதை முதலே சொல்லியிருக்கலாம்.

அருந்தவன்: கட்டட மனேஜர் குரைச்சது கேட்டதே? இண்டைக்கு வெள்ளி. பொழுதுபட்டா அவையின்ர ஓய்வுநாள் தொடங்கீடும், இந்தக் கட்டடத்தில ஆணி அடிக்க ஏலாது. அதுக்குள்ள ஆறும் சரியா இல்லாட்டி இந்த பலக்லாவா ஏரியாவில இனி எங்களுக்கு வேலை இல்லை.

தேவராஜா: கத்தாத. கழட்டினது நீ, பூட்டினது நான். ரெண்டு பேரும்தான்... ஸ்க்ரூவைத் தா.

அருந்தவன்: இன்னும் கொஞ்சம் சரியுங்கோ... காணும்.

தேவராஜா: ஆறும் முடிஞ்சுது. அங்க பார், நாலாம் வீட்டு மிஸ்ஸிஸ் பெர்கர். பெட்டியைத் தொட்டு, விரலை வாயில வைச்சுக் கொஞ்சுறா. அழுறாவே?

அருந்தவன்: அந்தப் பெட்டி அவவின்ர தாய் போலந்தில இருந்து கொண்டுவந்ததாம்.

தேவராஜா: கேக்கும் தந்தவ. இந்தா, தின்.

அருந்தவன்: வேண்டாம்.

தேவராஜா: மத்தியானம் தொடங்கி பசி, பசி எண்டு என்னில பாய்ஞ்சாய்?

அருந்தவன்: இறங்காது அண்ணை.

தேவராஜா: ஏன்? பெட்டிதான் வாசலுக்கு வந்திட்டுதே.

அருந்தவன்: பெட்டி வந்தது... கழட்டேக்க அதுக்குள்ள இருந்து ஒரு சுருள் விழுந்தது. பழங்கடுதாசி எண்டு குப்பைக்க எறிஞ்சிட்டன். குப்பை லொறி காலமையே அள்ளிக்கொண்டு போட்டுது.

தேவராஜா: ...தெரியும்.

அருந்தவன்: என்ன தெரியும்?

தேவராஜா: நேற்றுப் பூட்டேக்க ஆட்டிப் பாத்தனான். அஞ்சு பெட்டிக்க ஏதோ அசைஞ்சுது. நாலாம் வாசல் பெட்டி ஊமை. சுருள் எண்டு நீ சொன்னோடன எனக்கு விளங்கீட்டுது. நானும் வாய் திறக்கேல்லை. அந்த மனிசிக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு சுருள் கடன், தம்பி.