மேட்டில் உறுமிய வண்டி

கிளட்ச் வழுக்குகிறது என்று வரும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பிளேட்டை மாற்ற வேண்டியதில்லை. சிலவற்றுக்குக் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். தெரிந்தும் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

தம்பி காலையில் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான்.

"மேடு ஏற மாட்டேங்குதுண்ணே. மிதிச்சா உறுமுது, ஆனா நகர மாட்டேங்குது. கருகுற வாசனை வேற."

ஓட்டிப் பார்க்க ஏறினேன். கால் மடக்க இடமில்லை; சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தார்கள். என் தம்பி என்னைவிட உயரம். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. அது எங்கள் வீட்டு சோபாவில் இருந்தது. கிழிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

மேட்டில் நான்காவது கியரில் அழுத்தினேன். இன்ஜின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. இறங்கி வந்து கேட்டேன்.

"வேற யாராச்சும் ஓட்டுறாங்களாடா?"

"யாருண்ணே ஓட்டப்போறா? நான் மட்டும்தான்."

கியர் பாக்ஸை இறக்கினேன். எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை. பிளேட் ரிவெட் தெரியுமளவு தேய்ந்திருந்தது, ஃப்ளைவீலில் சூட்டின் நீலத் தழும்புகள். கிளட்ச் மீதே காலை வைத்துக்கொண்டு ஓட்டினால் இப்படி ஆகும். தம்பிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். அவன் கால் அங்கே நிற்காது. என் மனைவிக்கும் கொஞ்ச நாள் கற்றுக்கொடுத்தேன். எத்தனை சொன்னாலும் கிளட்சிலிருந்து காலை எடுக்க மாட்டாள். உனக்கு வராது, இனி ஸ்டியரிங்கைத் தொடாதே என்று நிறுத்திவிட்டேன்.

மதியம் சாப்பிடப் போனபோது தட்டைப் பார்த்தபடியே கேட்டேன்.

"பகல்ல எங்கயாவது வெளிய போறியா?"

"எனக்கு ஏதுங்க நேரம்? வீட்டு வேலையே சரியா இருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே எனக்குக் குழம்பு ஊற்றினாள். கை நடுங்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கத்தவில்லை. கைநீட்டவும் இல்லை, அது எனக்குப் பிடிக்காத விஷயம். பட்டறைக்குத் திரும்பி வேலையைச் சுத்தமாக முடித்தேன். புதுப் பிளேட், புது பேரிங், ஃப்ளைவீலைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கிப் பொருத்தினேன். கேபிளைச் சரிபார்த்தேன். மேட்டில் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஏறியது. பிறகு பிரேக் ஆயில் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"சூப்பரா இருக்குண்ணே" என்று தம்பி என் தோளைத் தட்டினான்.

"இறக்கத்துல பாத்துப் போ" என்றேன்.

மறுநாள் அந்த வண்டி, குன்றுச் சாலை இறக்கத்தில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கில் என் மனைவி இருந்தாள்; அங்கேயே உயிர் போய்விட்டது. பக்கத்து சீட்டில் இருந்த தம்பி, காலில் கம்பியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அண்ணிக்கு லைசென்ஸ் எடுக்க ஆசை, உங்களுக்குத் தெரிந்தால் விடமாட்டீர்கள் என்று மறைத்தோம், வேறொன்றும் இல்லை என்று அழுதான். வண்டியிலிருந்து எடுத்த, அவள் பெயரில் இருந்த பழகுநர் லைசென்ஸை ஸ்டேஷனில் நீங்களும் காட்டினீர்கள். நம்புகிறேன். வேறு எதையும் நான் ஒருபோதும் சந்தேகப்படவில்லை.

பிரேக் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தம்பிக்குத் தெரியும். கியரைக் குறைப்பான், ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுப்பான், மண் மேட்டில் ஏற்றி நிறுத்துவான். அதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். நான் மட்டும்தான் ஓட்டுகிறேன் என்று அவன் சொன்னானே, அது மட்டும் உண்மையாக இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.