கதவின் நிறம்

ஆகஸ்ட் 9, வியாழன்.

போன வாரம் ஒரு சிறு தவறு செய்தேன். கதவின் நிறத்தை எழுதிவிட்டேன். 'கதவு' என்று மட்டும் எழுதியிருந்தாலே அந்த வாக்கியம் நின்றிருக்கும். நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்பில் எந்தப் பொருளையும் நிறத்தோடு எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். பழக்கதோஷம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்கிறோம். தையற்கடைக்கு மேலே ஒரே அறை. கீழே மிஷின்கள் ஓடினால் எங்கள் மேசைமேல் இருக்கும் பேனாக்கள் நடுங்கும். என் வேலை சோதனை. விளையாட்டில் சுவருக்குள் நுழைய முடிகிறதா, ஏணியின் பாதியில் குதித்தால் கால் மாட்டிக்கொள்கிறதா என்று பார்த்து, என்ன செய்தால் அந்தப் பிழை மறுபடி வரும் என்று எழுதிக் கொடுப்பேன். கதை எழுதுபவர் அக்கா. சொந்த அக்கா இல்லை. அறையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், அவரைவிட மூத்தவரான எங்கள் தலைவர் உட்பட.

எங்கள் முதல் விளையாட்டில் சண்டை கிடையாது. காணாமல் போன கணவனைத் தேடி ஒரு பெண் வீடு வீடாகப் போவாள், அவ்வளவுதான். அதற்கே இணையத்தில் திட்டி எழுத ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பெண்களுக்குக் கேம் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், உடம்பில் வந்து நின்றது. எங்கள் ஓவியரும் பெண்தான். அவர் படித்துவிட்டு, "எழுத்துப்பிழைக்கே இவன உள்ள வைக்கணும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அக்காவால் அது முடியவில்லை. வரைந்த படத்தின்மேல் ஒருவன் காறித் துப்பினால் துடைத்துவிடலாம், சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். அதனால் நானாகவே கேட்டேன்: "உங்களுக்கு வர்றதை எல்லாம் நான் படிக்கிறேன் அக்கா. தெரிஞ்சே ஆகணுங்கறதை மட்டும் சொல்றேன்." அவர் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து தேநீர் வேளையில் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்.

"என்னப்பா, இன்னிக்கு என் பேர்ல எவ்வளவு அர்ச்சனை?"

"மூணுதான் அக்கா. அதுல ஒருத்தன் உங்களுக்கு மூளையே இல்லைங்கறான். இன்னொருத்தன் உங்க மூளைதான் பிரச்சினைங்கறான்."

"ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சு பேசவிடு. மொதல்ல அவங்க ஒரு முடிவுக்கு வரட்டும்."

சிரித்துவிட்டு, வகுப்புக்காக நான் எழுதிய பக்கங்களைக் கேட்டு வாங்குவார். "இந்த இடத்துல மூணு சொல்லு இருக்கு. ரெண்டைத் தூக்கு" என்பார். நான் எழுதுவதை வரி விட்டு வரி யாரும் அப்படிப் படித்ததில்லை. வீட்டில் நான் கணினியில் விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன்.

சில மாதங்களில் வசவு குறைந்தது. அந்த ஆட்கள் வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். நாற்காலி வருவதும் குறைந்தது. ஒரு நாள் அக்கா சொன்னார்: "இனிமே நானே பாத்துக்கறேன்ப்பா. பாவம், எனக்காக எவ்வளவு சாக்கடையில கைவிட்டுட்ட."

அந்த வாரம் வகுப்பில் கொடுத்த பயிற்சி, நமக்குப் பிடிக்காத ஒருவர் குரலில் ஒரு பக்கம் எழுதுவது. நான் அதை எழுதினேன். நன்றாக வந்திருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல வாசகர் ஒருவர்தான். அதனால் பெயர் போடாமல் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் நாற்காலி வந்தது, படிக்கும் வேலையும் என்னிடமே திரும்பியது.

இதில் அவருக்கு நான் தீங்கு செய்ததாக அப்போது நினைக்கவில்லை. பயம் கொஞ்சம், துணை நிறைய என்றுதான் கணக்குப் போட்டேன். ஆனால் லேசாக எழுதினால் அக்கா சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அடுத்ததைச் சற்றுக் கனமாக எழுதவேண்டியிருந்தது. அவர் ஏறும் பேருந்தை எழுதினேன். பிறகு மகளின் பள்ளிப் பையை எழுதினேன். அதில் பையின் நிறத்தை நான் எழுதவில்லை. அக்கா மகளைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். பேருந்தில் ஏறப் பயந்தார். சாயங்காலம் நான்தான் வீடுவரை கூட நடந்தேன். வகுப்புகள் சில தவறின. வழியில் அவர் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். திடீரென்று நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்ப்பார். "யாரும் இல்ல அக்கா" என்பேன். உண்மையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இனி கதவு. எங்கள் இரண்டாவது விளையாட்டின் முடிவில் ஒரு கதவு வரும். வெளியாட்களுக்கு நாங்கள் காட்டிய படங்களில் அது பழுப்பு. போன வாரம் திங்கட்கிழமைதான் ஓவியர் அதைப் பச்சையாக்கினார். நான் அன்று முழுக்க அதைத் திறந்து மூடிச் சோதித்திருந்தேன். கண்ணுக்குள் பச்சையே நின்றது. 'கடைசியில் அந்தப் பச்சைக் கதவைத் திறப்பாயே, அந்தப் பக்கம் நான் நிற்பேன்' என்று எழுதினேன். என் பக்கங்களைத் திருத்துவதுபோல இதையும் அக்கா திருத்தியிருந்தால் முதலில் அந்தச் சொல்லைத்தான் அடித்திருப்பார்.

நான் வாசித்துக் காட்டியதும் அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"கதவு பச்சைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பச்சையைப் பார்த்தவர்கள் நாங்கள் ஆறு பேர்தான். எல்லோரும் எங்கள் ஒலி அமைப்பாளரைப் பார்த்தார்கள். அவர் வாயே திறக்க மாட்டார் என்பதால் 'சத்தம்' என்று கூப்பிடுவோம். அந்த வாரம்தான், முடிவு அழுமூஞ்சித்தனமாக இருக்கிறது என்று அக்காவோடு தகராறு செய்திருந்தார். "நானா?" என்றார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். நான் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அவரை அனுப்பியும் அக்காவால் எழுத முடியவில்லை. இன்று வேலையை விட்டுவிட்டார். பெட்டியை நான்தான் கீழே தூக்கி வந்தேன்.

"ஊர் பேர் தெரியாதவன் எழுதினா தாங்கிக்கலாம்ப்பா. இது நம்ம கூட உக்காந்து டீ குடிச்ச கை. இனிமே எந்த அறையில உக்காந்தாலும் அந்தக் கையைத்தான் தேடிக்கிட்டு இருப்பேன்." ஆட்டோவில் ஏறியபின் சொன்னார்: "என் பேரையும் எடுத்துடச் சொல்லு. பொண்ணை யாரும் தேடி வரவேணாம். நீ மட்டும் இல்லேன்னா எப்பவோ போயிருப்பேன்."

முதல் விளையாட்டின் சலசலப்பு அடங்கிய பிறகு அக்காவுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் எழுதியவன் நான். ஒலி அமைப்பாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. நிறத்தை மட்டும் விட்டிருந்தால் அக்கா இன்னும் இங்கே இருந்திருப்பார் என்று நாள் முழுக்கத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நாளை காலை, விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, இடைவெளி தெரியாமல் மற்றவற்றை மேலே ஏற்றவேண்டும். மதியம் புதிய கதாசிரியர் வருகிறார். அவரும் பெண்தான். அவருக்கு வருவதை எல்லாம் நானே படித்துவிடுகிறேன் என்று சொல்லவேண்டும்.