இடது பக்கம் ஒரு கிக்கர்

"ஹலோ... யாரு? ... மாப்ளே! நீயாடா? போன் பேசக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களே... சரி சரி, மெதுவாப் பேசு. காய்ச்சல் குறைஞ்சுதா? ... அப்பாடா."

மெக்கானிக் எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவது அவரோடு சேர்ந்து வண்டி ஓட்டித் திரிந்த சிநேகிதன், இப்போது தங்கை புருஷன். போன வாரம் செங்குத்தான மேட்டில் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் அணைந்து, ஸ்டார்ட் பண்ண உதைக்க உதைக்க வலது பக்கக் கிக்கர் வழுக்கி, அவன் தடுமாறியதில் வண்டி அவன் வலது முட்டி மேலேயே சாய்ந்துவிட்டது. அந்த முட்டி இனி மடங்காது என்று டாக்டர் தங்கையிடம் சொல்லிவிட்டார். காய்ச்சல் முழுசாக விடும்வரை அவனிடம் மூச்சு விடக் கூடாது என்று அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

"வண்டியா? பிரிச்சுப் பார்த்தாச்சு... ஆமா, ஆமா, கிளட்ச் மூடியைக் கழட்டினாத்தானே உள்ளே தெரியும்... ஸ்பிரிங் இல்லைடா, கிக்கரோட ராட்செட் பல்சக்கரம்! பல்லெல்லாம் மழமழன்னு தேஞ்சு போச்சு, கியரைக் கவ்வவே மாட்டேங்குது. நீ எவ்வளவு உதைச்சாலும் காத்தை உதைச்ச மாதிரிதான்... டேய், திட்டாதே. அது உன்னைவிட மூத்த வண்டி, மரியாதையாப் பேசு... புதுசுக்கு எங்கே போறது? இன்னொரு பழைய இன்ஜின்ல இருந்து உருவிப் போட்டேன்... புள்ளியா? கிக்கர் தண்டுல இருக்கிற அடையாளப் புள்ளியும் ராட்செட் புள்ளியும் நேருக்கு நேர் வச்சுத்தான்டா மாட்டினேன். எனக்கே பாடம் எடுக்கிறியா? ... ஆமா. இப்ப கப்புனு பிடிக்குது."

பழைய மாதிரியே பேசுகிறானே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடுத்த மாசமா? ... பொறுடா, என்ன அவசரம்... ஓட்ட வேண்டாம்னு யார் சொன்னா? நீ ஓட்டுவே. நான் ஓட வைப்பேன். உதைக்கிறதுதானே கஷ்டம்? இடது பக்கமா ஒரு கிக்கர் வச்சுட்டேன்னா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்?

"மாப்ளே? ... இல்லைடா, சும்மா ஒரு ஸ்டைலுக்கு... ... நான் என்ன சொல்ல வந்தேன்னா... ... கேக்காதேடா. என்கிட்ட கேக்காதே... ... மடங்காதாம்டா. ... ஆமா. ... ஆமா, அவளுக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிட்டாங்க... டேய், அழுதுடு. அடக்காதே... நானும்தான்டா அழுறேன்... பாவி நான், இந்த வாயை வச்சுக்கிட்டு..."

மறுமுனையில் குரல் சட்டென்று தாழ்ந்தது. மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன? ... வந்துட்டாளா? ... சொல்லக் கூடாதா? உனக்குத் தெரியும்னு அவகிட்ட... எத்தனை நாளைக்குடா மறைப்பே? ... ஏன்டா சிரிக்கிறே? மாப்ளே, வேண்டாம்டா, கேக்கவே முடியலை... போனை அவகிட்ட குடுக்காதே, இரு, இரு...

ஆங்... சொல்லும்மா. அண்ணன்தான்... சேச்சே, நான் ஒண்ணும் சொல்லலை. வண்டியைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்... சிரிக்கிறானா? நல்லதுதானேம்மா... என் குரலுக்கு என்ன? பெட்ரோல் நெடி, வேற ஒண்ணுமில்லை... ஆமா, சரி பண்ணிட்டேன், இனிமே வழுக்காது... என்னது? அவனே வந்து உதைச்சுப் பார்க்கிறேங்கிறானா? ... ... ம். உதைக்கட்டும்மா. ... அவன்தான் உதைக்கணும்னு சொல்லு... ஹலோ? ... ஹலோ?"