பேரை மாத்திக்கிற மாட்யூல்

கொழுந்தன்: ...அண்ணி, கடைசியா ஒரே ஒரு தடவை சொல்றேன்...

அண்ணி: வந்ததுலேர்ந்து இதையேதான்டா சொல்ற. இந்த சர்வர் ரூம் குளிர்ல எனக்கு மூக்கு ஒழுகுது. சொல்லித் தொலை.

கொழுந்தன்: ஒரிஜினல் ஒரிஜினல்தான். எங்க கம்பெனி மாட்யூலையே வாங்குங்க. கம்பெனி பேரை மாத்தி எழுதற அந்த மாட்யூல் உங்களுக்கு வேணாம். ஆஸ்பத்திரி அண்ணி இது! உயிர் சமாச்சாரம்!

அண்ணி: ஆமா, நீதான் தினம் ஆபரேஷன் பண்ற.

கொழுந்தன்: சிரிக்காதீங்க. இந்த மாசம் ஒரு ஆர்டராவது கொண்டு போகலன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கல்யாணம் வேற பேசி முடிச்சாச்சு. வேலை போச்சுன்னா பொண்ணு வீட்டுல என்ன சொல்வாங்க?

அண்ணி: தப்பிச்சோம்னு சொல்வாங்க.

கொழுந்தன்: அண்ணி! நான் நிஜமா பயந்து போயிருக்கேன்...

ஏணிக்காரர்: ஏங்க, நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. மாட்யூல்னா என்னங்க?

கொழுந்தன்: யாரு அண்ணி, ஏணி மேல?

அண்ணி: வேலையா ஏறியிருக்காரு. அவரு கேட்டதுக்கு நீ பதில் சொல்லு.

கொழுந்தன்: ஏசிக்காரரா? என் தலையில எதையாவது போட்டுடாதீங்கண்ணே. இதோ, இதான் மாட்யூல். விரல் நீளத்துக்குத் தகரத்துண்டு. கம்ப்யூட்டருங்களை இணைக்கிற ஸ்விட்ச்சுல இதைச் சொருகி, ஃபைபர்ங்கற கண்ணாடி ஒயர மாட்டினா, கரண்டா வர்றத வெளிச்சமா மாத்தி அடுத்த கட்டடத்துக்கு அனுப்பும். அங்க இன்னொண்ணு அதை வாங்கி மறுபடி கரண்டா மாத்தும். ஸ்கேன் படமெல்லாம் டாக்டர் மேஜைக்கு இப்படித்தான் போகுது.

ஏணிக்காரர்: அட! சரி, இதுல என்ன சண்டை?

அண்ணி: சொருகினதும் ஸ்விட்ச் "நீ யாரு வீட்டுப் புள்ள?"ன்னு கேக்கும். மாட்யூலுக்குள்ள கம்பெனி பேரு எழுதியிருக்கும். அது தன் கம்பெனி பேரா இல்லன்னா "வெளிய போ"ன்னுடும்.

ஏணிக்காரர்: ஸ்விட்ச்சுக்கு அவ்வளவு ராங்கியா?

அண்ணி: ராங்கின்னா ராங்கி. பழைய கட்டடத்துல ஒரு கம்பெனி ஸ்விட்ச், புதுக் கட்டடத்துல வேற கம்பெனி. போன மாசம் புதுக் கட்டடத்துல ஒரு மாட்யூல் செத்துப்போச்சு. டிராயர் நிறைய ஸ்பேர் வச்சிருக்கேன், அத்தனையும் பழைய கட்டடத்துக் கம்பெனி. ஒண்ணக்கூட உள்ள விடல. நர்ஸுங்க ஸ்கேன் படத்த சிடியில போட்டுக்கிட்டு மாடி மாடியா ஏறி இறங்கினாங்க. அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே... அவமானமாப் போச்சுங்க.

கொழுந்தன்: அதுக்குத்தான் சொல்றேன், ரெண்டு கம்பெனி ஒரிஜினலும் டபுளா வாங்கி வச்சுக்கோங்க.

அண்ணி: உனக்கு வியாபாரம், எனக்கு டபுளா செலவு. இல்லடா, மாத்தி எழுதறது ஒரு டிராயர் போதும். எந்த ஸ்விட்ச்சுக்கு வேணுமோ, சாம்பிளோட வந்த இந்தச் சின்னப் பொட்டியில சொருகி அந்தக் கம்பெனி பேரை எழுதிட்டு மாட்டிடுவேன்.

கொழுந்தன்: அது ஏமாத்து வேலை அண்ணி! கல்யாண வீட்டுல யாருன்னே தெரியாம "மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு"ன்னு பந்தியில உக்காருறானே, அந்த மாதிரி.

அண்ணி: அப்படி நீ எத்தனை பந்தியில உக்காந்திருக்க?

கொழுந்தன்: அது... காலேஜ்ல... பேச்ச மாத்தாதீங்க! ஸ்விட்ச்சுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா அது உஷாராயிடும். உங்க திருட்டு மாட்யூல எல்லாம் வரிசையா வெளிய தள்ளிடும்.

அண்ணி: தள்ளினா புதுசா எழுதி மறுபடி மாட்டுவேன். அதுக்குத்தானே பொட்டி?

கொழுந்தன்: சூடாகும்!

அண்ணி: உன் ஒரிஜினல் மட்டும் ஐஸ் கட்டியா?

ஏணிக்காரர்: ஒரு சந்தேகங்க. அந்தப் பொட்டி இருந்தா எதை வேணா எதுவா வேணா மாத்திடலாமா?

கொழுந்தன்: அய்யய்யோ, அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பேரைத்தாங்க மாத்தலாம், வெளிச்சத்த மாத்த முடியாது. கிட்டக்கப் போற மாட்யூல்ல "தூரம் போவேன்"னு எழுதினா ஸ்விட்ச் நம்பிடும். ஆனா பாதி வழியில வெளிச்சம் செத்துடும். அதனால வாங்கும்போதே தூரம், வேகம், வெளிச்சத்தோட நிறம் மூணையும் சரியாப் பாத்துக்கணும். அதைப் பாத்து வாங்கிட்டா அப்புறம் ராஜா மாதிரி ஓடும்...

அண்ணி: என்னது? ராஜா மாதிரியா?

கொழுந்தன்: ...ஓடும்னு அவங்க சொல்லிக்கிறாங்க. பொய் அண்ணி. அத்தனையும் பொய்.

ஏணிக்காரர்: ஒரிஜினல் விக்கிறவரு இதைப் பத்தி நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே?

கொழுந்தன்: எதிரியப் பத்தித் தெரியாம எப்படிண்ணே சண்டை போடறது?

அண்ணி: டேய், ஒண்ணு கேக்கறேன். நீ சிபாரிசு பண்ணி நான் எதையாவது வாங்கியிருக்கேனா?

கொழுந்தன்: எதையுமே வாங்கல. வாஷிங் மெஷின், வாடகை வீடு, மூக்குக்கண்ணாடி... நான் கிழக்குன்னா நீங்க மேற்கு. நம்ம வீட்டுல ஊரறிஞ்ச விஷயம்.

அண்ணி: எல்லாம் நல்லாத்தானே அமைஞ்சிருக்கு?

கொழுந்தன்: மூக்குக்கண்ணாடி கூடவா? ஆந்தை மாதிரி...

அண்ணி: என்ன சொன்ன?

கொழுந்தன்: அழகா இருக்குன்னேன்.

ஏணிக்காரர்: இவங்க வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏங்க இவ்வளவு தொண்டை வறளக் கத்தறீங்க?

கொழுந்தன்: ...என் தலையெழுத்துண்ணே.

ஏணிக்காரர்: அதுக்கு ஒரு பரீட்சை வச்சிடலாமே. ஒரிஜினல் ஒண்ணு, மாத்தி எழுதினது ஒண்ணு. ரெண்டுக்கும் மேல டேப் ஒட்டி மாட்டுங்க. இவரு தன்னோடத கரெக்டா காட்டட்டும்.

அண்ணி: ஆஹா, நல்ல யோசனை. நீ அந்தப் பக்கம் திரும்புடா. எட்டிப் பாத்த, காதத் திருகிடுவேன்... ம், மாட்டியாச்சு. இப்ப பாரு. ரெண்டுலயும் பச்சை விளக்கு எரியுது.

கொழுந்தன்: ஸ்கிரீன்ல பேரு என்ன காட்டுது?

அண்ணி: ரெண்டுமே உன் கம்பெனி பேருதான் காட்டுது. போய்த் தொட்டுப் பாரு, மோந்து பாரு, காதுல வச்சுக் கேளு. உன் புள்ளைய நீதான் கண்டுபிடிக்கணும்.

கொழுந்தன்: ம்... இது கொஞ்சம் சூடு. இதுவும் சூடு. வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு பாருங்க... ரெண்டும் ஒரே அளவா? அட... சரி, இடது பக்கம்! அதோட கம்பீரத்தப் பாருங்க! அது எங்க வீட்டு ரத்தம்!

அண்ணி: நிச்சயமா?

கொழுந்தன்: தலைய அடமானம் வைக்கிறேன்.

அண்ணி: டேப்ப உரிக்கிறேன்... இந்தா பாரு. மாத்தி எழுதினது.

கொழுந்தன்: ...இருக்காது.

அண்ணி: நல்லாப் பாரு. உன் தலைய இனிமே நான் வச்சு என்னடா பண்றது?

கொழுந்தன்: தோத்துட்டேன். சுத்தமா தோத்துட்டேன். சரி, நீங்க அந்தக் கம்பெனியிலயே வாங்கிக்கோங்க. நான் குறுக்க நிக்கல... ஆமா, கையெழுத்து எப்ப போடுவீங்க? இன்னிக்கே போட்டுடுவீங்களா?

அண்ணி: தோத்தவனுக்கு என்னடா இவ்வளவு அவசரம்?

கொழுந்தன்: இல்ல... வீட்டுக்குப் போய் சீக்கிரமா அழ ஆரம்பிக்கலாம்னு.

அண்ணி: கையெழுத்து நான் போடல. இதுல முடிவே என்னோடது இல்ல.

கொழுந்தன்: என்னது? விளையாடாதீங்கண்ணி! நீங்க போடலன்னா என் ஆர்டர்...

அண்ணி: உன்?

கொழுந்தன்: ...அவங்க ஆர்டர்.

அண்ணி: நீ ஒரிஜினல விட்டுட்டு மாத்தி எழுதற கம்பெனிக்கு மாறினத உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டு, "அண்ணிகிட்ட மூச்சு விடாத"ன்னியாமே? அந்த மனுஷன் வயித்துல ஒரு பேச்சு தங்குமா? நான் தட்டு வைக்கிறதுக்குள்ள கக்கிட்டாரு.

கொழுந்தன்: அய்யோ அண்ணா...! அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமா? நான் இவ்வளவு நேரம்...

அண்ணி: ஒரிஜினல்னு நீ கத்தினா நான் எதிர்ல போய் விழுவேன்னு கணக்குப் போட்டே இல்ல? நல்ல கணக்குதான். சிரிப்ப அடக்கி அடக்கி எனக்கு விலா வலிக்குது.

கொழுந்தன்: தப்புதான் அண்ணி. வேற வழி தெரியல. புது இடம், முதல் மாசம், எங்க போனாலும் கதவைச் சாத்தறாங்க. இதுவும் போச்சா? சொல்லுங்க, போச்சா?

அண்ணி: என்கிட்ட கேக்காத. அவரைக் கேளு.

கொழுந்தன்: யாரை... ஏசிக்காரரையா?

ஏணிக்காரர்: நான் ஏசிக்காரர்னு நீங்கதான் சொன்னீங்க தம்பி. நான் இங்க புதுசா வந்திருக்கற மேனேஜர், ஃபைபர் போற வழியப் பாக்கலாம்னு ஏறினேன். "மாத்தி எழுதறது விக்கிறவன் என் கொழுந்தன், அதனால முடிவு நீங்களே எடுங்க"ன்னு உங்க அண்ணி நேத்தே ஒதுங்கிட்டாங்க. தன் சரக்கப் புகழ்ந்து வித்தவங்களை எவ்வளவோ பேரைப் பாத்துட்டேன், வாயார திட்டி வித்தது நீங்க ஒருத்தர்தான். இருக்கற குறை ஒண்ணு விடாம உங்க வாயாலயே கேட்டாச்சு, அதுக்கு அப்புறமும் அது ஓடுது. ஆர்டர் உங்களுக்குத்தான்... ஆனா சரக்கு கொண்டு வர்ற அன்னிக்கு மட்டும் தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க, நான் மனசு மாறிடுவேன்.