முப்பத்தெட்டாம் கேள்விக்கு முட்டை

— இல்லீங்க சார், நான் உக்கார மாட்டேன். அந்த முட்டையைப் போட்டது ஆருன்னு தெரியாம இந்த ரூம்பை விட்டு நகர மாட்டேன்.

— பொறுங்க சாரா டீச்சர். போத்தனூர்ல ரயிலேறி வந்ததும் வராததுமா இப்படி மூச்சு வாங்குனா எப்படிங்க? மொதல்ல தண்ணி குடியுங்க.

— தண்ணி வேண்டாமுங்க. நீங்க இந்த ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர். எங்கிளாஸ் புள்ளைக்கு அநியாயம் நடந்திருக்குது, நீங்க சொம்பை நீட்டறீங்க!

— அஃப்ராவைத்தானுங்களே சொல்றீங்க?

— அவளையேதான். ஒம்பதாவது பி. காலாண்டுப் பரிச்சைல சமூக அறிவியல்ல முப்பத்திரெண்டு. இன்னும் மூணு மார்க்கு இருந்தா பாஸு. முப்பத்தெட்டாவது கேள்வி, அஞ்சு மார்க்கு, அதுல சுத்தமா முட்டை. அதனால மெல்லக் கற்போர் லிஸ்ட்டுல அவ பேரு. நாலு மணிக்கு அந்த லிஸ்ட்டு மேல போகுது. நான் சொல்றது சரிதானுங்களே?

— சரிதானுங்க. ஆனா அதான் பாருங்க, மத்த கேள்வியும் அவ சுமாராத்தானே எழுதியிருக்கறா?

— வருசத்தை மனப்பாடம் பண்ண அவளுக்கு வராதுங்க. யோசிக்க வரும். "வரி நாமதானுங்க கட்டறோம், அப்பறம் எதுக்கு டீச்சர் நாம போயி கும்பிட்டு நிக்கோணும்"னு நடு கிளாஸ்ல எந்திரிச்சுக் கேட்டவ அவ. அவ மெல்லக் கத்துக்கறவளாமா! மொத்தக் கேள்வித்தாள்ல யோசிச்சு எழுதற கேள்வி அது ஒண்ணுதான். அதுலயும் முட்டை.

— கேள்வி என்னங்க அது? கிராம சபைதானே?

— "கிராம சபையின் பணிகளை விளக்குக." அவ என்ன எழுதுனான்னு கேளுங்க. பேப்பரு உங்க பீரோவுல இருக்குது, எங்கண்ணுல காட்ட மாட்டேங்கறீங்க. அவ ரஃப் நோட்டுல மறுபடி எழுதிக் குடுத்திருக்கறா. படிக்கட்டுங்களா?

— படியுங்க.

— "ஆகஸ்ட் பதினைந்து அன்று எங்கள் ஊரில் கிராம சபை நடந்தது. நாற்பது பேர் வந்தார்கள். பதினோரு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிறது, ஏன் என்று என் அம்மா எழுந்து கேட்டார். எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் நோட்டில் எல்லாரிடமும் அதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கையெழுத்துக்கு மேலே வெறும் தாள்தான் இருந்தது. கிராம சபையின் பணி கேள்வி கேட்பது. பதில் சொல்வது யாருடைய பணி என்று பாடத்தில் இல்லை." முடிஞ்சுதுங்க. இதுக்கு முட்டை போட ஒரு மனுசனுக்குக் கை வருமுங்களா?

— நல்லாத்தானுங்க எழுதியிருக்கறா. ஆனா விடைக்குறிப்புல அஞ்சு பாயிண்ட்டு குடுத்திருக்கறாங்க. திட்டத்துக்கு ஒப்புதல், பயனாளி தேர்வு, வரவு செலவு சரிபாக்கறது...

— அதை ஒப்பிக்கறவங்களுக்குத்தான் மார்க்குன்னா, கிளி ஜோசியக்காரரைக் கூண்டோட வரச்சொல்லுங்க சார். அடுத்த பரிச்சையை அது எழுதட்டும், நூத்துக்கு நூறு வாங்கும்! கிராம சபையைக் கண்ணால பாத்துட்டு வந்து எழுதுன புள்ளை ஒன்றியத்துலயே இவ ஒருத்தியாத்தான் இருக்கும். வயிறு எரியுதுங்க எனக்கு.

— டீச்சர், மெதுவாப் பேசுங்க. வெளிய அவங்கம்மா உக்காந்திருக்கறாங்க.

— ரம்லாக்கா எதுக்கு வந்திருக்கறாங்கன்னு தெரியுமுங்களா? டி.சி. வாங்கறதுக்கு. சென்னிமலைல போர்வை மடிக்கற கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிப்போட்டு வந்திருக்கறாங்க. "ஸ்கூல்லயே மக்குன்னு லிஸ்ட்டு போட்டாச்சு, இனி எதுக்குங்க, என்கூட மடிக்க வரட்டும்"ங்கறாங்க. நாளைக்கு அஃப்ரா வர மாட்டா சார். ஒரு முட்டை, ஒரு புள்ளையோட படிப்பை முழுங்கப் போகுது.

— எனக்கும் வருத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா லிஸ்ட்டுல இருந்து பேரை எடுக்கோணும்னா மார்க்கு மாறோணும். மார்க்கு மாறோணும்னா, திருத்துனவிய "நாந்தான் தப்பாத் திருத்திப்போட்டேன்"னு எழுதிக் கையெழுத்துப் போடோணும். அவியளுக்கு மெமோ வருமுங்க.

— வரட்டும்! வந்தாத்தான் புத்தி வரும். பேரைச் சொல்லுங்க, நானே போயி கையெழுத்து வாங்கியாறேன்.

— வேண்டாம் டீச்சர். அவியளும் பாவம். ஒரு நாளைக்கு எத்தனை பேப்பருன்னு பாருங்க.

— நானும்தானுங்க திருத்துனேன். அந்த சனிக்கிழமை மட்டும் எண்பத்தாறு பேப்பரு. மூணு மணிக்கெல்லாம் கட்டி வெச்சுப்போட்டு ரயிலைப் புடிச்சேன். ஒரு குறை சொல்ல முடியுங்களா?

— எண்பத்தாறா? ஒரு பேப்பருக்கு எத்தனை நிமிசமுங்க ஆச்சு?

— நாலு நிமிசம் ஆயிருக்கும். விடைக்குறிப்பை எதுக்கால வெச்சுக்கிட்டா கை தானாப் போகுமுங்க. அது வேற சார். நாம இப்ப ஒரு கொடுமையைப் பேசிக்கிட்டு இருக்கறோம்.

— ம்... வேறதானுங்க.

— நீங்க ஏன் பூசி மெழுகறீங்க? மூணு ஸ்கூலும் பேப்பர்க் கட்டை மாத்திக்கிட்டோம். பேரைக் கிழிச்சு நம்பரு மட்டும் போட்ட பேப்பரு. நம்மளது மேக்கால ஸ்கூலுக்குப் போச்சு. அங்க ஒருத்தரோ ரெண்டு பேரோதான் சோசியல் டீச்சர். ஃபோன் போட்டா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சுரும். நீங்க சொல்லலைன்னா நானே போடறேன்.

— போடாதீங்க. நம்ம கட்டு அங்கதான் போச்சுங்க, இல்லீங்கல. ஆனா அந்த டீச்சரு பிரசவ லீவுல போயிட்டாங்க. ஒரு கட்டு திருத்தாமயே இங்க திரும்பிருச்சு. பேரு கிழிச்ச கட்டுங்களா, எந்த ஸ்கூலுதுன்னு ஆரும் பாக்கலை. இருக்கற கட்டோட சேத்து மறுபடி பங்கு போட்டுட்டாங்க.

— அப்ப எவிய கைக்குப் போச்சு?

— இந்தாங்க, பீரோ சாவி. நீங்களே எடுங்க. மேலாப்பல இருக்கறதுதான். கடைசிப் பக்கத்துல, முட்டைக்குப் பக்கத்துல ஓரமா எழுதியிருக்கறதைப் படியுங்க.

— "பாடத்தை ஒட்டி எழுதவும்." அடக் கர்த்தரே, என்ன திமிரு பாருங்க, எட்டு வரி எழுதுன புள்ளைக்கு... 

— டீச்சர்?

— இது... இது என்ற கையெழுத்துங்க சார்.

— அதானுங்க மொதல்லயே பொறுங்க பொறுங்கன்னு சொன்னேன்.

— சார், அந்த சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எங்கிட்டக் குடுத்த கட்டு... நான் அதைப் படிக்கவே இல்லீங்க சார். பாயிண்ட்டைத்தான் தேடுனேன். எழுத்தைக்கூடப் பாக்கலை.

— உடுங்க. ஆருக்கும் தெரியாது. அந்தம்மா கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் தொறக்காம உக்காந்திருங்க, போதும். அம்மா, உள்ள வாங்க.

— வாரேனுங்க. சலாமுங்க ஐயா. டீச்சர், நீங்களும் இருக்கறீங்களா. நான் ரொம்ப நேரம் இருக்க முடியாதுங்க, ஒரு மணி பஸ்ஸை உட்டா அரை நாள் சம்பளமும் போயிரும். டி.சி. எழுதியாச்சுங்களா?

— இருங்கம்மா. அவசரப்படாதீங்க. மார்க்குல ஒரு சின்னக் கோளாறு.

— எனக்கு என்னங்க தெரியும், நான் அஞ்சாவதோட நின்னவ. ஆனா அந்த அஞ்சு மார்க்குக்கு அவ ராத்திரி பூரா அழுதா. "அம்மா, நீ கேட்டதைத்தான் எழுதுனேன், அதுக்கு முட்டை"ன்னு. கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டதுக்கு எனக்கும் அப்பறம் ரெண்டு பேரு வந்து புத்தி சொல்லிட்டுத்தான் போனாங்க. தப்பு என்மேலதான் போலன்னு வெச்சுக்கிட்டேனுங்க. ஆரு திருத்துனதுங்க அது?

— அது வேற ஸ்கூல்காரங்கம்மா. நம்ம ஸ்கூலு இல்லீங்க.

— அப்படிங்களா. அப்ப அவியளைச் சொல்லிக் குத்தமில்லீங்க, என்ற புள்ளைய அவிய கண்டாங்களா? "சாரா டீச்சர் கைக்குப் போயிருந்தா ஒரு வரி உடாம படிச்சிருப்பாங்கம்மா"ன்னு அஃப்ரா சொல்லிக்கிட்டே இருந்தா. அது போதுமுங்க எனக்கு. டி.சி.யைக் குடுங்க, கெளம்பறேன்.

— பேனாவைக் குடுங்க சார். ரம்லாக்கா, அந்த முட்டையைப் போட்டது நாந்தானுங்க.