மூத்தவன் மேல் போட்ட பழி

உங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு, மேடம். டைப் பண்றவர் ஒரு வரி அடிச்சுட்டு, அது திரையில வர்ற வரைக்கும் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்கார், பாவம். அவர் மேல தப்பில்லை. கீழ வலது மூலையில ஒரு சின்னப் படம் சுத்திக்கிட்டே இருக்கு பாருங்க, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடுது. முடியட்டும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை.

எதுக்குப் பண்ணேன்னு கேட்டீங்க. சொல்றேன். நடுவுல நிறுத்தாம கேட்டீங்கன்னா உங்களுக்கே நியாயம் புரியும்.

நான் ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு ப்ரோக்ராம் எழுதுறவன். ஒரே ஒரு ப்ரோக்ராம்தான். மெஷின்ல ரத்தத்தை வெச்சா அது ஒரு எண்ணைச் சொல்லும் இல்லையா, அந்த எண்ணை வாங்கி, சரியான ஆள் பேர்ல, சரியான கட்டத்துல போட்டு, ரிப்போர்ட்டா அச்சடிச்சுக் கொடுக்கும். கேக்குறதுக்குச் சப்புன்னுதான் இருக்கும். ஆனா ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிடக்கூடாது, ஒரு புள்ளி இடம் மாறிடக்கூடாது. அந்தக் கவலையிலேயே எனக்குப் பாதி முடி கொட்டிப்போச்சு. கல்யாணமான புதுசுல படுக்கையறை மூலையில மேசை போட்டு எழுத ஆரம்பிச்சேன். எங்களுக்குப் பையன் பிறக்குறதுக்கு முன்னாடியே அது பிறந்துடுச்சு. அதனால என் மனைவி அதுக்கு மூத்தவன்னு பேர் வெச்சா. "மூத்தவனைத் தூங்க வெச்சுட்டு வாங்க, சாப்பாடு ஆறிப்போகுது"ன்னு கேலி பண்ணுவா. பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. ஊர்ல பாதி லேப்ல மூத்தவன்தான் ஓடிட்டிருந்தான். ஒரு எண் தப்பினதில்லை. இதை எழுதிக்கோங்க, மேடம், விட்டுடாதீங்க.

ஒரு திங்கட்கிழமை காலையில லேப்காரம்மா போன் பண்ணாங்க. என்னை நம்பி முதல்ல மூத்தவனை வாங்கினவங்க அவங்கதான். எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அன்னைக்குக் கூப்பிடலை.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? உன் ப்ரோக்ராம்ல வைரஸாம். திரை பூரா சிவப்பா எழுதிக் காட்டுது. இங்க அத்தனை பேர் வெறும் வயித்தோட உக்காந்திருக்காங்க."

"அப்படி எதுவும் இருக்காதுக்கா. நான் இப்பவே வந்து பாக்குறேன்."

"வந்து என்னத்தைப் பாக்குறது? அதான் அழிச்சுடுச்சே."

ஓடிப்போய்ப் பாத்தேன். விடியுறதுக்குள்ள ஆன்டிவைரஸுக்கு ஏதோ அப்டேட் வந்திருக்கு. அது மூத்தவனோட உடம்புல ஒரு துண்டைப் பாத்து, இது நமக்குத் தெரிஞ்ச திருடன் சாடையில இருக்கேன்னு முடிவு கட்டிடுச்சு. வெறும் சாடைதான், மேடம். மெஷின் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்குற பகுதி அது. ஒட்டுக்கேக்குற வைரஸும் அதே மாதிரிதான் கேக்கும். கேட்டதெல்லாம் திருட்டுன்னா இந்த ரூம்ல இருக்கிற அத்தனை பேரும் திருடங்கதான். மூத்தவனை அழிச்சதோட விட்டுச்சான்னா, இல்லை. நோயாளிங்க விவரம் இருந்த ஃபைலையும் தூக்கிப் பூட்டுப் போட்டுடுச்சு. போற போக்குல கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான ஒண்ணையும் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. அது பாட்டுக்கு ஆனாகி, அணைஞ்சு, மறுபடி ஆனாகி, அணைஞ்சுன்னு கிடந்துச்சு. அந்த ஆன்டிவைரஸ் இருந்த எல்லா லேப்லயும் இதே கூத்து.

அன்னைக்குப் பூரா போன் ஓயலை. வாயில வந்தபடி பேசினாங்க. ஒருத்தர், "நோயாளிங்க விவரத்தைத் திருடி யாருக்குய்யா விக்கிற?"ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டார். ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்துச்சு. நாங்க சரிபாக்குற வரைக்கும் உங்க ப்ரோக்ராம் இருக்கிற ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம்னு ஆன்டிவைரஸுக்கு நீங்களே சொல்லி வெச்சுடுங்கன்னு. லேப் லேபா அலைஞ்சு, என் கையாலேயே ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் அதைச் சொல்லி வெச்சுட்டு, மூத்தவனைத் திரும்பப் போட்டுட்டு வந்தேன். மூணு நாள் கழிச்சுக் கம்பெனியும் சரி பண்ணிடுச்சு.

வேலை சரியாச்சு, பேர் சரியாகலை. பாதி லேப் கைவிட்டுப் போச்சு. மிச்சம் இருந்தவங்களும் நான் உள்ள போனா பேச்சை நிறுத்துவாங்க. என் மனைவியோட அண்ணன், தங்கமான மனுஷன், வீட்டு விசேஷத்துல அத்தனை பேர் நடுவுல என் தோள்ல கை போட்டு, "மாப்பிள்ளை, நமக்குள்ள இருக்கட்டும், நெஜமாவே அதுல ஒண்ணும் இல்லையே?"ன்னு சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. என் மனைவி மட்டும் சிரிக்கலை. அவ என் முகத்தையே பாத்துட்டிருந்தா. அவளுக்கும் ஒரு துளி சந்தேகம் வந்துடுச்சுன்னு எனக்குப் பட்டுச்சு. அன்னைக்கு எரிய ஆரம்பிச்ச வயிறு, மேடம், அப்புறம் அணையவே இல்லை.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். நாங்க தப்பாப் பிடிச்சுட்டோம், இந்த ப்ரோக்ராம்ல எந்தக் கெடுதலும் இல்லைன்னு அந்தக் கம்பெனி ஊரறியச் சொல்லணும். அதுக்காக அவங்க ஆபீஸுக்கே போனேன். இந்தப் பிரிவைப் பாக்குறவர்னு ஒருத்தரைக் காட்டினாங்க. கழுத்துல அட்டை தொங்கவிட்ட ஆள், என்னை விடச் சின்ன வயசு. எழுந்து நின்னு கை கொடுத்தார். காபி வரவழைச்சார்.

"உங்க வருத்தம் புரியுது சார். ஆனா எங்க வேலையில இது சகஜம். லட்சம் திருடனைப் பிடிக்கிறப்போ ஒரு நல்லவனும் மாட்டத்தான் செய்வான்."

"அந்த நல்லவன் கதி என்னங்க?"

"நீங்க கேட்டதும் மூணே நாள்ல விட்டுட்டோமே சார்."

"வைரஸ்னு சொல்றதுக்கு முன்னாடி யாராவது அதைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

அவர் சிரிச்சார். கிண்டலாச் சிரிக்கலை, அதையும் சொல்லிடணும். "அதுக்கெல்லாம் யாருக்கு சார் நேரம் இருக்கு? மெஷினே முடிவு பண்ணிடும். ஊரறியச் சொல்றதுங்கிறது எங்க கம்பெனியில வழக்கமில்லை."

காபியைக் குடிச்சுட்டு வந்துட்டேன். மரியாதைக் குறைவா அவர் ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா அங்கேயே ரெண்டு அறை விட்டிருப்பேன், எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும்.

ரெண்டு வருஷம் போச்சு. ஒரு நாள் காலையில பிரின்டர் வேலை செய்யலைன்னு லேப்காரம்மா கூப்பிட்டாங்கன்னு போயிருந்தேன். அங்க அந்த ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரர் உக்காந்திருந்தார். சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு, ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால அமுக்கிப் பிடிச்சுட்டு. என்னைப் பாத்தார். முன்னப்பின்ன தெரியாத ஆளைப் பாத்தா சும்மா ஒரு சிரிப்புச் சிரிப்போமே, அப்படிச் சிரிச்சார். அவருக்கு என்னை அடையாளமே தெரியலை, மேடம். என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டவருக்கு என் மூஞ்சி கூட ஞாபகம் இல்லை. ரிப்போர்ட் சாயந்திரம் வாங்கிக்கோங்கன்னு அவரை அனுப்பி வெச்சாங்க.

நான் வீட்டுக்குப் போய், சாயந்திரத்துக்குள்ள மூத்தவனுக்கு ஒரு அப்டேட் எழுதி, அவன் ஓடுற எல்லா லேபுக்கும் அனுப்பினேன். இந்தப் பேர், இந்தப் பிறந்த தேதி வந்தா, ஒரே ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏத்திப் போடு. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற எண் அது, கிரியாட்டினின்னு சொல்வாங்க, ஏறினா கிட்னி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதிகமா ஏத்தலை. பாக்குறவங்க நம்புற அளவுக்கு ஏத்தினேன். வேற யாரையும் தொடாதேன்னும் எழுதினேன். நான் ஒண்ணும் மனசாட்சி இல்லாதவன் இல்லை.

ஆன்டிவைரஸ் என்ன பண்ணுச்சுன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே. ஒண்ணுமே பண்ணலை. அவங்களே சோதிக்க வேண்டாம்னு சொல்லி வைக்கச் சொன்ன ஃபோல்டர் இல்லையா, அதை யாரும் திரும்ப மாத்தவே இல்லை. உள்ள ஒண்ணும் இல்லாதப்போ ஊரைக் கூட்டிக் கத்தின சனியன், நெஜமாவே விஷம் வெச்சப்போ கம்முனு கிடந்துச்சு. அன்னைக்கு நான் வாய்விட்டுச் சிரிச்சேன். என் மனைவி என்னன்னு கேட்டா. மூத்தவனுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன்னு சொன்னேன்.

அவர் எதுக்கு ரத்தம் கொடுத்தார்னு அப்போ எனக்குத் தெரியுமான்னு கேக்குறீங்க. தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க, நான் பேசுற விதம் அப்படி. ஆனா தெரியும். ரத்தம் எடுக்குற பொண்ணு காலையிலேயே சொன்னா. "பாவம் சார், அவரோட அக்காவுக்குக் கிட்னி கொடுக்கப் போறாராம். அம்மா இல்லாத வீட்டுல அம்மாவா இருந்து வளத்த அக்காவாம்." அதைக் கேட்டுட்டுத்தான் பிரின்டரைச் சரி பண்ணிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆபரேஷனுக்குப் பெரிய ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அவங்க பாத்த ஆஸ்பத்திரி சின்னது. சொந்த லேப் கிடையாது, வெளியில இருந்து வர்ற ரிப்போர்ட்டைத்தான் பாப்பாங்க. டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, உங்க கிட்னியே சரியில்லை, உங்ககிட்ட எடுக்க முடியாதுன்னு கையை விரிச்சுட்டார். அவர் நம்பாம வேற லேபுக்குப் போனார். அங்கயும் மூத்தவன். இன்னொரு லேபுக்குப் போனார். அங்கயும் மூத்தவன். மூணும் ஒரே மாதிரி வந்ததும் மனுஷன் ஒடிஞ்சு போயிட்டார். உப்பில்லாம சாப்பிட்டார், இல்லாத வியாதிக்கு மாத்திரை முழுங்கினார், விடிஞ்சதும் நடந்தார், மாசா மாசம் வந்து ரத்தம் கொடுத்தார். அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணையும் எனக்குச் சொல்லுவா. அவங்க அக்காவுக்கு வேற யார் கிட்னியும் பொருந்தலைன்னும் சொன்னா.

நான் அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரிதான். பல நாள் அந்த வரியைத் திறந்து வெச்சுப் பாத்துட்டிருந்திருக்கேன். கல் நெஞ்சுன்னு நினைச்சுடாதீங்க. அவர் வந்து கேக்கட்டும்னு இருந்தேன். என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா மூணே நாள்ல விட்டிருப்பேன். யார்கிட்ட போய்க் கேக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்னு சொல்வீங்க. தெரிஞ்சு போய்க் கேட்ட எனக்கு மட்டும் என்ன கிடைச்சுது?

மழைக்காலத்துல அவரோட அக்கா போயிட்டாங்க. டயாலிசிஸ் பண்ணிட்டிருக்கும்போதே இதயம் நின்னுடுச்சாம். லேப்காரம்மா துக்கம் கேக்கப் போகணும்னாங்க, வண்டியில நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவர் வாசல்லயே உக்காந்திருந்தார். "என் உடம்பு நல்லா இருந்திருந்தா அக்காவைக் காப்பாத்தியிருப்பேன், என் உடம்பே எனக்குத் துரோகம் பண்ணிடுச்சு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழுதார். நான் கிட்டப் போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க மேல ஒரு தப்பும் இல்லை சார்"னு சொன்னேன். அது உண்மைதானே, மேடம். எனக்கு யாருமே சொல்லாத வார்த்தையை நான் அவருக்குச் சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தன் கிட்னிக்கு வைத்தியம் பாக்க வெளியூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். உங்களுக்கு ஒரு குறையும் இல்லையே, யார் சொன்னதுன்னு கேட்டிருக்காங்க. எந்த லேப்ல எல்லாம் எடுத்தோம், எல்லாத்துலயும் பொதுவா என்ன இருக்குன்னு யோசிச்சிருக்கார். லேப்காரம்மாகிட்ட கெஞ்சி மூத்தவனை ஒரு காப்பி வாங்கிட்டுப் போய், வேலைக்கு லீவு போட்டுட்டு, ராப்பகலா பிரிச்சுப் பாத்திருக்கார். கடைசியில உள்ள தன் பேரையே பாத்துட்டார்.

இதுலதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. நேரமில்லைன்னு சொன்ன அதே ஆள், மேடம். இவ்வளவு பொறுமையாப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச மனுஷன், அன்னைக்கு ஒரு மணி நேரம் உக்காந்து பாத்திருந்தா மூத்தவன் யோக்கியன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும். அவரோட அக்காவும் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாங்க. அவர்தான் கொன்னார்னு நான் சொல்லலை. ஆனா யோசிச்சுப் பாருங்க.

சரி, ஸ்கேன் முடிஞ்சுடுச்சு போல, எழுத்து வேகமா வருது. தெரிஞ்சேதான் பண்ணேன், அந்த அம்மா செத்துப்போவாங்கன்னு தெரிஞ்சும் அந்த வரியை அழிக்கலை, கொன்னது நான்தான்னு எழுதிக்கோங்க. எங்க காட்டுறீங்களோ அங்க கையெழுத்துப் போடுறேன். ஒரு இடத்துல மட்டும் திருத்தணும். மேல, ரெண்டாவது வரியில, கெடுதலான ப்ரோக்ராம்னு அடிச்சிருக்கார், அதை எடுத்துடுங்க. நான் சொன்னதைத்தானே அவன் செஞ்சான். பெத்தவன் பண்ண கொலைக்கு, ஒரு பாவமும் அறியாத பிள்ளை மேல பழியைப் போடுறது எந்த ஊர் நியாயம், மேடம்?